கைத்துப்பாக்கிக்கு எந்தக் காலிபர்? கிருஷ்ணகிரி, தருமபுரி ஆளுங்க வந்து சண்டை போடுங்க

மாங்காட்டான் (கிருஷ்ணகிரி):
மாங்கா சீசன் முடிஞ்சாச்சு. தோப்புல வேலை இல்ல, கையில ஃபோன் இருக்கு. அதான் சண்டைக்கு ஆள் கூப்பிடுறேன்.

கேள்வி ஒண்ணுதான். கைத்துப்பாக்கில உங்களுக்குப் பிடிச்ச காலிபர், அதாவது குண்டோட விட்ட அளவு, எது, ஏன்? ரேஞ்சுல சுட்டவங்க, பட்டாளத்துல சுட்டவங்க, லைசன்ஸ் வெச்சிருக்கிறவங்க, வெறும் வீடியோ பாத்தவங்க எல்லாரும் வரலாம். கடைசி ரகத்து ஆளுங்க மட்டும் அதை முன்னாடியே சொல்லிட்டுப் பேசுங்க.

என் ஓட்டு .22 லாங் ரைஃபிளுக்கு. 1887-ல வந்த ரவுண்டு (தோட்டா), இன்னும் ஓயல. குண்டு எடை 40 கிரெயின், அதாவது ரெண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல. உதையே தெரியாது. டார்கெட்ல குண்டு எங்கியோ போச்சுன்னா தப்பு உங்க கையிலதான்னு உடனே காட்டிக் கொடுத்துரும். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயர்ல வெள்ளி வாங்கினது இந்த .22-லதான். அந்தப் போட்டில நாலு செகண்டுல அஞ்சு டார்கெட்டுக்கு அஞ்சு குண்டு போகணும். வேற எதையாவது வெச்சு அதைச் செஞ்சு காட்டிட்டு வாங்க, பேசலாம்.

நாப்பத்தஞ்சு (ஓசூர்):
.22 எல்லாம் ஒரு காலிபரா அண்ணா? கொசு மருந்து அடிக்கிற சத்தம்தான் வரும்.

ஆன்சைட்ல டெக்சஸ்ல இருந்தப்ப வாரக் கடைசியில ரேஞ்சுக்குப் போவேன். அங்க துப்பாக்கியே வாடகைக்குக் கிடைக்கும். 1911-ங்கிற பிஸ்டலை கையில எடுத்துப் பாத்தாதான் தெரியும். .45 ஏசிபி, 230 கிரெயின் குண்டு, .22-ஐ விட ஆறு மடங்கு எடை. பிலிப்பைன்ஸ்ல மோரோ வீரர்களை .38 ரிவால்வர் நிறுத்தலன்னு அமெரிக்க ராணுவம் நொந்துபோய் கேட்டு வாங்கின காலிபர் இது. ஜான் பிரவுனிங் டிசைன் பண்ணினது. நூறு வருஷம் தாண்டியும் அதே பிஸ்டலை இன்னும் செய்யுறாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

பழைய ஹவில்தார் (தருமபுரி):
தம்பி நாப்பத்தஞ்சு, சம்பளத்துக்குச் சுட்டவன் நான், வாடகைக்குச் சுட்டவன் இல்ல. அதனால கொஞ்சம் கேளுங்க.

9 எம்எம். முடிஞ்சது.

சரி, விளக்கமும் தர்றேன். எங்களுக்குக் கொடுத்தது 9 எம்எம் பிஸ்டல் 1ஏ. இச்சாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரில செஞ்சது, பிரவுனிங் ஹை பவர் வம்சம். மேகசின்ல 13 ரவுண்டு. உங்க 1911-ல ஏழுதான். நீங்க மேகசின் மாத்துறப்ப நான் இன்னும் சுட்டுக்கிட்டே இருப்பேன். அதே ரவுண்டு கார்பைனுக்கும் ஆகும், ஸ்டோர்ல ஒரே பெட்டி. ராணுவத்துல காலிபரைத் தேர்ந்தெடுக்கிறது வீரம் இல்ல தம்பி, ஸ்டோர்கீப்பர்.

பாலக்கோடு தக்காளி:
வீடியோ மட்டும் பாத்தவன் நான், முன்னாடியே சொல்லிட்டேன். எங்க ஊர்ல விலை விழுந்தா ரோட்டுல கொட்டுற தக்காளிதான் என் காலிபர். உதை இல்ல, லைசன்ஸ் வேணாம், பட்டா கறை போகாது.

நாப்பத்தஞ்சு (ஓசூர்):
ஹவில்தார் ஐயா, 13 ரவுண்டு வேணும்னா 13 தடவை தவறப் போறீங்கன்னு அர்த்தம். எனக்கு ஒண்ணு போதும்.

பழைய ஹவில்தார் (தருமபுரி):
அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு டெக்சஸ்ல யாராவது பாத்து வெச்சிருக்காங்களா?

ஓசூர் லேத்து:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. நான் துப்பாக்கிக்காரன் இல்ல, சிப்காட்ல மைக்ரோமீட்டர் பிடிக்கிறவன். ரேஞ்சுக்கு எப்பவாவது மச்சான்கூட பெங்களூர் போவேன். எனக்கு நம்பர்தான் பேசும்.

9 எம்எம் சாதாரண ரவுண்டு 124 கிரெயின், வேகம் செகண்டுக்கு சுமார் 350 மீட்டர். கணக்குப் போட்டா ஏறக்குறைய 490 ஜூல். .45 ஏசிபி 230 கிரெயின், வேகம் சுமார் 250 மீட்டர். அது 465 ஜூல் பக்கம். இதுக்கா ரெண்டு தலைமுறையா சண்டை போடுறீங்க?

வித்தியாசம் கையில தெரியுறது உண்மைதான், அதுக்குக் காரணம் உந்தம். .45-க்கு அது மூணுல ஒரு பங்கு கூடுதல். அதனால அது கையைத் தள்ளும். 9 எம்எம் வெடுக்குன்னு ஆட்டும். எது பிடிக்கும்ங்கிறது உங்க மணிக்கட்டோட விஷயம்.

இன்னொண்ணு. .38 ஸ்பெஷல் குண்டோட விட்டம் .357 இஞ்சு, 9 எம்எம் குண்டு .355. வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர். எங்க ஷாப்புல இந்த வித்தியாசத்துக்கு பீஸை ரிஜெக்ட் பண்ணுவோம், ஆனா யாரும் சாக மாட்டாங்க.

தகடூர் முப்பத்திரண்டு (தருமபுரி):
எல்லாரும் அமெரிக்கா, இச்சாப்பூர்னு பேசிட்டீங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துல லைசன்ஸ் எடுத்து கைத்துப்பாக்கி வெச்சிருக்கிற ஒரு ஆள் பேசலாமா?

9 எம்எம், .45, .38, .455 எல்லாம் நமக்குத் தடை செய்யப்பட்ட போர், அதாவது குழல் அளவு. மத்திய அரசு தனியா அனுமதி தந்தாலொழிய தொட முடியாது. கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்து, போலீஸ் விசாரணை முடிஞ்சு, வருஷக்கணக்கா நடந்து லைசன்ஸ் கைக்கு வந்தா, கடைக்காரர் எடுத்து முன்னாடி வைக்கிறது .32. நீங்க ஆசைப்பட்டது எதுவா இருந்தாலும் கிடைக்கிறது .32.

என்கிட்ட இருக்கிறது ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .32 ரிவால்வர். வெப்லி ஜாதகம், நடுவுல மடியுற மாடல். கட்டைவிரல்ல லாட்ச்சை அமுக்கி பேரலைக் கீழ மடிச்சா, சிலிண்டர் நடுவுல இருக்கிற நட்சத்திரத் தகடு எழும்பி வந்து ஆறு காலி கேஸையும் (தோட்டாக் கூடு) ஒரே தள்ளுல வெளிய துப்பும். கேஸோட அடியில கே.எஃப்.னு அச்சு, கிர்க்கி ஃபேக்டரி. அந்த மடக்குற சத்தம் இருக்கே, அதுக்காகவே நான் மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைப்பேன். ட்ரிகர் மட்டும் கொஞ்சம் முரட்டு ஆசாமி, டபுள் ஆக்ஷன்ல இழுக்கிறதுக்குள்ள ஒரு பீடா மென்னுடலாம்.

பத்து மீட்டர் பாப்பா (பென்னாகரம்):
அண்ணா, .32-ன்னா ரெண்டு வகை இருக்குல்ல? எங்க ரேஞ்சுல ஒருத்தர் பிஸ்டல் ரவுண்டையும் ரிவால்வர் ரவுண்டையும் ஒரே டப்பால போட்டு வெச்சிருந்தார், கோச் பாத்துட்டு ஆடினார் பாருங்க.

தகடூர் முப்பத்திரண்டு (தருமபுரி):
ஆமாம்மா. கடையில போய் .32 ரவுண்டு கொடுங்கன்னா, "பிஸ்டலா ரிவால்வரா?"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. பிஸ்டலுக்கு .32 ஏசிபி, நம்ம ஊர்ல 7.65-னும் சொல்லுவாங்க. அதுவும் பிரவுனிங் வேலைதான், 1899. கேஸ் குட்டை, குண்டு 71 கிரெயின். ரிவால்வருக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், 1896. கேஸ் நீளம், குண்டு 98 கிரெயின். பேருல மட்டும்தான் பங்காளி.

பிஸ்டல்காரங்களுக்கு ஒரு தலைவலி உண்டு. அந்த ஏசிபி கேஸுக்கு அடியில லேசா ஒரு விளிம்பு துருத்திக்கிட்டு இருக்கும். மேகசின்ல நிரப்பறப்ப மேல் ரவுண்டோட விளிம்பு கீழ் ரவுண்டோட விளிம்புக்குப் பின்னாடி போய் உக்காந்துட்டா மாட்டிக்கும். பொறுமையா ஒண்ணொண்ணா முன்னாடி தள்ளி வெக்கணும். ரிவால்வர்ல இந்தத் தொல்லையே கிடையாது. ஒண்ணு வெடிக்கலன்னா அடுத்தது சுத்திக்கிட்டு வந்து நிக்கும்.

நாப்பத்தஞ்சு (ஓசூர்):
.32-ஐ வெச்சு என்ன பண்றது சார்? லேத்து அண்ணா, அதுக்கும் ஒரு நம்பர் போடுங்க.

ஓசூர் லேத்து:
.32 ரிவால்வர் ரவுண்டு சுமார் 145 ஜூல். ஏசிபி 175 பக்கம். .22-ஐ பிஸ்டல்ல சுட்டா 120. பாப்பாவோட ஏர் பிஸ்டல் பெல்லட் அஞ்சாறு ஜூல்.

பாலக்கோடு தக்காளி:
தக்காளிக்கு?

ஓசூர் லேத்து:
நூறு கிராம் தக்காளி, நல்ல கைன்னா செகண்டுக்கு 20 மீட்டர். 20 ஜூல். பாப்பாவை விட நீதான் பெரிய ஆயுதம்.

பாலக்கோடு தக்காளி:
20 ஜூலுக்கு மேல போனா ஏர்கன்னுக்கே லைசன்ஸ் வேணும்னு 2016 ஆயுத விதில இருக்குதாம். நான் வேகத்தைக் குறைச்சுக்கிறேன்.

தகடூர் முப்பத்திரண்டு (தருமபுரி):
நாப்பத்தஞ்சு தம்பிக்குப் பதில் சொல்றேன். 1896-ல நியூயார்க் போலீஸ் கமிஷனரா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், தன் ஆளுங்களுக்கு எடுத்துக் கொடுத்தது .32 கோல்ட் ரிவால்வர். உங்க டெக்சஸ்காரங்க இன்னிக்குச் சிரிக்கிற காலிபரைத்தான் பிற்காலத்துல அவங்களுக்கே ஜனாதிபதியா ஆனவர் எடுத்தாரு.

அது மட்டுமில்ல. பெங்களூரா மாம்பழத்துக்கு ருசி இல்லம்பாங்க. அல்போன்சா, செந்தூரானு தூக்கி வெச்சு ஆடுவாங்க. ஆனா கிருஷ்ணகிரில கூழ் ஃபேக்டரி ஓடுறது பெரும்பாலும் பெங்களூராலதான். .32-ம் அப்படித்தான்.

மாங்காட்டான் (கிருஷ்ணகிரி):
பெங்களூராவை இழுத்ததால பதில் சொல்லியே ஆகணும், என் தோப்புல பாதி அதான்.

நான் .22 கட்சி, ஆனா .32-ஐ யாரும் கேலி பண்ணக் கூடாது. அது தற்காப்புக்கு மட்டும்னு நினைக்காதீங்க. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல்னு ஒரு போட்டி இருக்கு. ஒலிம்பிக்ஸ்ல இல்ல, உலக சாம்பியன்ஷிப்ல, நம்ம நேஷனல்ஸ்ல எல்லாம் உண்டு. விதிப்படி 7.62-ல இருந்து 9.65 மில்லிமீட்டர் வரைக்கும் எந்தக் காலிபர்லயும் சுடலாம். அதாவது .38-ஐயும் தாராளமா எடுத்துட்டு வரலாம். அப்படியும் உலகத்துல பெரிய ஆளுங்க எடுக்கிறது என்ன? .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். உதை கம்மி, குண்டு போற இடம் நிதானம். அதுல வாட்கட்டர்னு மூக்கு சப்பையான ஈயக்குண்டு வெச்சுச் சுடுவாங்க. பேப்பர்ல பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி ஓட்டை விழும், ஓரம் கிழியாது. 2006 தோஹா ஏஷியன் கேம்ஸ்ல ஜஸ்பால் ராணா 600-க்கு 590 அடிச்சு உலக சாதனையைச் சமன் பண்ணினது இந்தப் போட்டிலதான்.

நாப்பத்தஞ்சு (ஓசூர்):
ஆனா அண்ணா, லாஜிக் இடிக்குதே. ஓட்டையோட ஓரம் உள் வளையத்தைத் தொட்டா பெரிய மார்க்குதானே? அப்ப பெரிய குண்டுக்குத்தானே லாபம்? .38-காரன் ஓட்டை .32-ஐ விடப் பெருசு.

மாங்காட்டான் (கிருஷ்ணகிரி):
நல்ல கேள்வி, ரேஞ்சுல எல்லாரும் கேக்குறதுதான். விதி எழுதினவங்க அதை முன்னாடியே யோசிச்சுட்டாங்க. சந்தேகமான ஓட்டைல ஒரு கேஜ் சொருகிப் பாப்பாங்க. சென்டர் ஃபயர்ல அந்தக் கேஜோட விட்டம் 9.65 மில்லிமீட்டர், நீங்க எந்தக் காலிபர்ல சுட்டிருந்தாலும் அதேதான். .32-ல சுட்டவனுக்கும் .38 ஓட்டைக்கு உண்டான மார்க் கிடைக்கும். பெரிய குண்டு எடுத்துட்டு வந்தவனுக்கு மிச்சம் அந்த உதை மட்டும்தான்.

ஓசூர் லேத்து:
கோ-நோகோ கேஜ் வெச்சு நியாயம் வழங்குற விளையாட்டா? இது தெரியாம இத்தனை நாள் கிரிக்கெட் பாத்துட்டு இருந்தேனே.

பழைய ஹவில்தார் (தருமபுரி):
உதை பத்தி ஒரு பழைய கதை, எல்லாப் பட்டாளத்துக்காரங்களுக்கும் தெரிஞ்சது. வெள்ளைக்காரன் 1887-ல இருந்து .455 வெப்லி வெச்சிருந்தான். பெரிய குண்டு, பெரிய துப்பாக்கி. முதல் உலகப் போர் முடிஞ்சு உக்காந்து யோசிச்சப்ப, அவசரத்துல ஆள் எடுத்துச் சேத்தா அவங்களுக்கு அதைச் சுடப் பழக்க ரொம்ப நாள் ஆகுதுன்னு புரிஞ்சுது. 1932-ல .38 என்ஃபீல்டுக்கு மாறினான். அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். 1986-ல மயாமில எஃப்பிஐ ஆளுங்க அடிவாங்கின பிறகு, 9 எம்எம் பத்தாதுன்னு 10 எம்எம்முக்குப் போனாங்க. கை தாங்கலன்னு .40-க்கு இறங்கினாங்க. சுத்திச் சுத்தி மறுபடி 9 எம்எம்முக்கே வந்துட்டாங்க. நாப்பத்தஞ்சு தம்பி இதை மட்டும் அங்க கேட்டுட்டு வரல போல.

நாப்பத்தஞ்சு (ஓசூர்):
ஐயா, வாடகை ரேஞ்சுல வரலாறு பாடம் எடுக்க மாட்டாங்க. மணிக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு கண்ணாடி, காதடைப்பான் கொடுப்பாங்க, அவ்வளவுதான்.

அஞ்செட்டிப் பேரன்:
புதுசா சேந்திருக்கேன். எங்க தாத்தா பேர்ல பயிர் பாதுகாப்பு லைசன்ஸ்ல ஒத்தைக்குழல் முன்பக்கம் நிரப்புற துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. அது என்ன காலிபர் தாத்தானு கேட்டா சுண்டு விரலை எடுத்துக் குழாய்க்குள்ள விட்டுக் காட்டுவார். இதுல அதைச் சேத்துக்குவீங்களா?

நெறியாளர்:
சுண்டுவிரல் காலிபரை வரவேற்கிறோம். ஆனா இழை கைத்துப்பாக்கி பத்தினது. எல்லாருக்கும் நினைவூட்டல்: லைசன்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி, காட்டுப்பன்னி, வேட்டை, இந்த மூணைப் பத்தியும் இங்க பேச்சு வேண்டாம். நம்ம மலைப்பக்கம் இருக்கிற நிலைமை உங்க எல்லாருக்கும் தெரியும், நான் விளக்க வேண்டியதில்ல.

தகடூர் முப்பத்திரண்டு (தருமபுரி):
பேரன் தம்பி, தாத்தாவோட லைசன்ஸ் இப்ப யார் பேர்ல இருக்கு? "இருந்துச்சு"ன்னு எழுதியிருக்கீங்களே, அதான் கேக்குறேன். வாரிசு பேருக்கு மாத்தணும், இல்ல முறையா ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்கணும். பரண்ல கிடந்தா அது சொத்து இல்ல, கேஸு.

அஞ்செட்டிப் பேரன்:
ஒப்படைச்சாச்சு அண்ணா. ரசீது அப்பாகிட்ட பத்திரமா இருக்கு.

தகடூர் முப்பத்திரண்டு (தருமபுரி):
நல்லது. எனக்கும் ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே வேலைதான். தேதி அறிவிச்ச உடனே ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுத்துட்டு ரசீதோட திரும்பணும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சின்னு மாறி மாறி வர்றதுல, என் ரிவால்வர் என் பீரோவுல இருந்த நாளை விட இரும்புப் பெட்டில இருந்த நாள்தான் அதிகமோன்னு தோணும். இதுல காலிபர் பெருசா இருந்தா என்ன, சிறுசா இருந்தா என்ன?

பாலக்கோடு தக்காளி:
எலெக்ஷனுக்கு எங்க மாவட்டத்துல தக்காளியையும் ஒப்படைக்கச் சொல்லணும். மேடைக்கு நல்லது.

பத்து மீட்டர் பாப்பா (பென்னாகரம்):
எல்லாரும் சண்டையை நிறுத்திட்டு எனக்கு ஒரு வழி சொல்லுங்க. நான் இப்ப 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான் சுடுறேன், .177. பாரிஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கின காலிபர், அதனால என்னை யாரும் பொம்மைத் துப்பாக்கின்னு சொல்ல முடியாது. அடுத்த வருஷம் 25 மீட்டருக்கும் போகணும்னு கோச் சொல்றார். .22-தானா, வேற வழி இருக்கா? ரவுண்டு கிடைக்கிற கஷ்டத்தை நினைச்சா பயமா இருக்கு. பெல்லட்னா ஒரு டப்பா வாங்கினா நாள் முழுக்கச் சுடலாம்.

மாங்காட்டான் (கிருஷ்ணகிரி):
பெண்கள் 25 மீட்டர்னா .22 மட்டும்தான் பாப்பா, யோசிக்கவே வேண்டாம். முதல் பாதி 30 குண்டு நிதானமா, அஞ்சு நிமிஷத்துக்கு அஞ்சு. ரெண்டாவது பாதில டார்கெட் 3 செகண்டு தெரியும், 7 செகண்டு மறையும். தெரியுற ஒவ்வொரு தடவையும் கையைக் கீழ இருந்து தூக்கி ஒரே ஒரு குண்டு. அந்த 3 செகண்டுலதான் எல்லாரோட சாயமும் வெளுக்கும்.

ஏர் பிஸ்டல்ல உன் ட்ரிகர் எடை 500 கிராம். 25 மீட்டர்ல குறைஞ்சது ஒரு கிலோ. விரல் முதல்ல முரண்டு பிடிக்கும். ரவுண்டை மிச்சம் பண்ணணும்னா, கையைத் தூக்கி நிறுத்தி ட்ரிகரை இழுக்கிற டிரை ஃபயர் பழக்கத்தை வீட்டுலயே பண்ணு. ஆனா .22-ல வெறும் சேம்பர்ல (ரவுண்டு உக்கார்ற அறை) அடிக்காதே. பின் நேரா சேம்பர் விளிம்புலயே இடிக்கும், ரெண்டுல ஒண்ணு கெடும். டிரை ஃபயர் வசதி இருக்கிற மாடலா பாரு, இல்லனா கோச்சைக் கேட்டு ஸ்னாப் கேப்னு சொல்ற டம்மி ரவுண்டு போடு. காலிபரை விட முக்கியம் அந்தக் காலிபர்ல வாரா வாரம் சுட உனக்கு ரவுண்டு வருதாங்கிறது. அதைச் சங்கத்துல இப்பவே பேசி வெச்சுக்கோ.

பழைய ஹவில்தார் (தருமபுரி):
அந்த பிஸ்டல் 1400 கிராம் வரைக்கும் இருக்கலாம் பாப்பா. கையை நீட்டி ஒரு செங்கல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் பழகு. எங்களை அப்படித்தான் நிக்க வெச்சாங்க.

பத்து மீட்டர் பாப்பா (பென்னாகரம்):
செங்கல்லு வேணாம் ஐயா. அம்மாவோட இரும்பு தோசைக்கல்லு கிட்டத்தட்ட அதே எடைதான். தூக்கிட்டு நின்னா "முதல்ல அதுல மாவை ஊத்து"ங்கிறாங்க.

நாப்பத்தஞ்சு (ஓசூர்):
அப்ப மொத்தத்துல .22-க்கு ரெண்டு, .32-க்கு ஒண்ணு, 9 எம்எம்முக்கு ஒண்ணு, தக்காளிக்கு ஒண்ணு, சுண்டு விரலுக்கு ஒண்ணு. லேத்து அண்ணா, நீங்க யாருக்கு?

ஓசூர் லேத்து:
9.65 மில்லிமீட்டர் கேஜுக்கு.

நாப்பத்தஞ்சு (ஓசூர்):
.45-க்கு இந்த ரெண்டு மாவட்டத்துலயும் ஒரு ஆள் கூடவா இல்ல?

பழைய ஹவில்தார் (தருமபுரி):
இருக்காரே தம்பி. டெக்சஸ்ல வாடகைக்கு.